ஓட்னியின் வெந்நீர்ச் சட்டசபை

ஓட்னியிடம் திட்டு வாங்காமல் எங்கள் ஊர் நீச்சல் குளத்தில் இறங்கிய ஆள் இன்னும் பிறக்கவில்லை. பாதிரியார் வாங்கியிருக்கிறார். ஒரு கோடையில் தலைநகரிலிருந்து அமைச்சர் ஒருவர் வந்தார், அவரும் வாங்கிக்கொண்டுதான் போனார். எல்லாரும் செய்த குற்றம் ஒன்றேதான். ஐஸ்லாந்தில் பொதுக்குளத்தில் இறங்குமுன் உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் நின்று, சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்தாக வேண்டும். பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். தெரிந்தும், நீச்சல் உடையோடு ஷவருக்கடியில் ஓடித் தலையில் நாலு சொட்டுத் தெளித்துக்கொண்டு நழுவப் பார்க்கிற பேர்வழிகள் உண்டு. முதுகைப் பார்த்தே ஓட்னி கண்டுபிடித்துவிடுவாள்.

"ஏய், அந்த முதுகு! காஞ்சு கிடக்கு! திரும்பிப் போ!"

அமைச்சர் தாம் இன்னார் என்று சொல்லிப் பார்த்தார்.

"யாரா இருந்தா என்ன, சோப்பு அதோ இருக்கு."

எங்கள் நாட்டில் பெரியவர் சின்னவர் எல்லாரையும் பெயர் சொல்லி, நீ, வா, போ என்றுதான் பேசுவோம். அதனால் மரியாதை குறைந்துவிட்டதாக அமைச்சர் நினைக்கவில்லை. மானம் குறைந்ததாக நினைத்திருக்கலாம். போய் ஒழுங்காகக் குளித்துவிட்டு வந்தார்.

ஓட்னி பிறந்து வளர்ந்தது இந்த ஊரில்தான். முன்னால் கடல், பின்னால் மலை, நடுவில் ஒரு தெரு. பள்ளி முடித்த கையோடு மீன் பதனிடும் ஆலையில் சேர்ந்தாள். கல்யாணம் ஆனது. புருஷன் நார்வேக்கு வேலைக்குப் போனான். அங்கே பருவநிலை நன்றாக இருப்பதாகப் போன் பண்ணிச் சொன்னான். இன்னும் நன்றாகவே இருக்கிறது போலும், மனுஷன் திரும்பி வரவே இல்லை. ஓட்னி அதற்கு அழவில்லை. ஆலையை மூடிய அன்றைக்குத்தான் அழுதாள். ஊருக்கென்று இருந்த மீன்பிடி உரிமையை ஆலை முதலாளி எங்கோ தெற்கே இருக்கிற கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார். கடல் அங்கேயேதான் இருந்தது, மீனும் அதில்தான் நீந்தியது, பிடிக்கத்தான் எங்களுக்கு உரிமை இல்லை. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறெரிகிறது.

அதற்கப்புறம் அவளுக்குக் குளத்தில் காவல் வேலை கிடைத்தது. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தார்ப்பாய் மாதிரி ஒரு கோட்டு, கழுத்தில் விசில். மழையோ பனியோ, கரையில் நிற்பாள். தண்ணீரில் மட்டும் இறங்க மாட்டாள். காவலுக்கு நிற்பவள் தண்ணீரில் இறங்கினால் காவல் யார் நிற்பது என்பாள். நியாயமான கேள்விதான்.

குளத்தின் ஓரத்தில் வட்டமாக ஒரு வெந்நீர்த் தொட்டி உண்டு. எங்களுக்கு டீக்கடை, கோர்ட்டு, பஞ்சாயத்து, செய்தித்தாள் எல்லாம் அதுதான். சாயங்காலமானால் கழுத்துவரை வெந்நீரும் கழுத்துக்கு மேலே ஆலங்கட்டி மழையுமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம். அங்கே நாள் தவறாமல் வருபவர்கள் மூன்று பேர். பள்ளிக்கூட டீச்சர் ஹல்லா, எதையாவது வாசித்துக் காட்டாமல் இருக்க மாட்டாள். படகோட்டி வல்டி, யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்வான். ஆடு வளர்க்கும் முன்டி, யார் என்ன சொன்னாலும் மறுப்பான்.

அந்தச் சமயத்தில்தான் நாட்டில் வங்கிகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தன. தலைநகர் ரேக்யவிக்கில் சனங்கள் சட்டி பானையைத் தட்டித் தட்டி அரசாங்கத்தையே வீட்டுக்கு அனுப்பினார்கள். அரசாங்கம் போனால் போதுமா, சட்டத்தையே புதிதாக எழுதுவோம் என்று பேச்சு கிளம்பியது. இருபத்தைந்து பேர் உட்கார்ந்து புது அரசியல் சாசனம் எழுத ஆரம்பித்தார்கள். எழுதியதை அவ்வப்போது இணையத்தில் போட்டு, ஊர் உலகத்தில் யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம் என்றார்கள். யார் வேண்டுமானாலும் என்று எங்கள் ஆட்களிடம் சொல்லலாமா? ஹல்லா மறுநாளே அந்தத் தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தொட்டிக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"இயற்கை வளம் நாட்டு மக்களோட பொதுச் சொத்து" என்று முதல் வரியை வாசித்தாள்.

"முடியாது" என்றான் முன்டி.

"முழுசா கேளுய்யா!"

"முழுசா கேட்டாலும் முடியாதுதான்."

கரையில் நின்றிருந்த ஓட்னிக்குச் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது. குளத்துக்கு வருகிற வெந்நீர் முன்டியின் நிலத்து ஊற்றிலிருந்து வருவது. அவன் தாத்தா காலத்தில் குழாய் போட்டுக் கொடுத்தது. ஆனால் எழுத்தில் ஒன்றும் கிடையாது. இப்போதோ, ரேக்யவிக்கிலிருந்து ஓர் ஆள் பளபளக்கும் வண்டியில் முன்டியின் பண்ணைக்கு வந்துபோனதை ஊரே பார்த்திருந்தது. தண்ணீரை வாங்கிப் பாட்டிலில் அடைக்கிற கம்பெனி ஆளாம். ஊற்றை முன்டி விற்றுவிட்டால் குளம் வறண்டுவிடும், ஓட்னி வீட்டில்தான் உட்கார வேண்டும். மீன் போன வழியில் தண்ணீரும் போகப் போகிறது என்று அவள் பயந்தாள்.

ஹல்லா ஒரு யோசனை சொன்னாள். "ஊருக்குப் பயன்படுற ஊத்து ஊருக்கே சொந்தம்னு நாமளே ஒரு வரி எழுதி அனுப்புவோம். ஊரே ஒருமனசா கேக்குதுன்னு போட்டாத்தான் மதிப்பாங்க."

ஒருமனதாக என்று சொன்னாளே, அங்கேதான் கெட்டது. தொட்டியில் வெகுகாலமாக ஒரு வழக்கம் இருக்கிறது. தண்ணீரில் இருப்பவருக்குத்தான் பேச உரிமை. சூடு தாங்காமல் ஏறியவர் விட்டுக்கொடுத்துவிட்டதாக அர்த்தம். யார் வகுத்த சட்டமோ தெரியாது, ஆனால் எங்கள் ஊரில் பாதிரியார் நியமனத்திலிருந்து நாய்க்கடி வழக்குவரை இப்படித்தான் தீர்ந்திருக்கிறது. முன்டிக்கு எருமைத் தோல். ஹல்லா ரத்த அழுத்தக்காரி, இரண்டாவது வரியை வாசிப்பதற்குள் முகம் பீட்ரூட்டாகி ஏறிவிடுவாள். வல்டி அவளுக்கு உறையைப் பிடிக்கிற சாக்கில் ஏறிவிடுவான். முன்டி ஒற்றை ஆளாகத் தொட்டியில் கால் நீட்டி உட்கார்ந்து, "தீர்மானம் தோத்துப்போச்சு" என்று வானத்தைப் பார்த்து அறிவிப்பான். தினம் தினம் இதே கூத்துதான்.

ஓட்னி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் இயந்திர அறைக்குப் போய் வெந்நீர் வால்வை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். இன்றைக்கு எருமைத் தோலும் உரியட்டும் என்று கறுவிக்கொண்டு கரைக்கு வந்து நின்றாள். ஹல்லா காலை வைத்தவள் வைத்த வேகத்தில் எடுத்தாள். வல்டி, "அம்மாடி!" என்று கத்திக்கொண்டு பக்கத்துப் பனிக்குவியலில் போய் உட்கார்ந்தான். முன்டி மட்டும் மெதுவாக இறங்கிக் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டான்.

"அப்பாடா. இன்னைக்குத்தான் கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கு."

ஓட்னி போய் வால்வை மூடினாள். மூடும்போது அந்த வால்வைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

இந்த லட்சணத்தில், எங்கள் ஊரிலிருந்து ஒரு வரிகூட ரேக்யவிக்குக்குப் போகவில்லை. அங்கே அவர்கள் பாட்டுக்குச் சாசனத்தை எழுதி முடித்து, எல்லாருமாகக் கையைத் தூக்கி ஒப்புக்கொண்டு நாடாளுமன்றத்தில் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் நாடு முழுவதும் ஒரு வாக்கெடுப்பு வைத்தார்கள். இந்தச் சாசனம் வேண்டுமா, இயற்கை வளம் பொதுச் சொத்தாக வேண்டுமா என்று கேள்விகள். எங்களுக்கு வாக்குச்சாவடி பள்ளிக்கூடத்தில். பள்ளிக்கூடம் குளத்துக்கு அடுத்த வாசல். தேர்தல் அலுவலர் வேறு யார், ஹல்லாதான்.

அன்றைக்குச் சனிக்கிழமை. ஊரில் எல்லாரும் ஓட்டுப் போட்டுவிட்டுக் குளத்துக்கு வந்தார்கள், அல்லது குளத்திலிருந்து ஓட்டுப் போடப் போனார்கள். வல்டி துண்டைக் கட்டிக்கொண்டு தலையில் தண்ணீர் சொட்டச் சொட்டப் போய் நின்றான். இதென்ன கோலம் என்று ஹல்லா கேட்டதற்கு, "புதுச் சட்டத்துல உடுப்பு பத்தி ஏதாவது இருக்கா?" என்றான். இல்லை. போட்டுவிட்டு வந்தான்.

ஓட்னி காவலை விட்டு நகர முடியாமல் இன்னும் ஓட்டுப் போடப் போகவில்லை. முன்டி வழக்கம்போலத் தொட்டியில் கிடந்தான். பெட்டியை மூட இன்னும் நேரம் இருக்கிறது, சாவகாசமாகப் போய் 'வேண்டாம்' என்று குத்திவிட்டு வரப்போகிறான் என்று ஓட்னி நினைத்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு மண்டைக்குள் ஏதோ கொதித்தது. விசிலைக் கழற்றி வல்டியின் கழுத்தில் மாட்டினாள். கோட்டைக் கழற்றி அவன் மேல் போட்டாள்.

"நீ நில்லு காவலுக்கு."

"நானா? நான் என்ன பண்ணணும்?"

"முதுகைப் பாரு. காஞ்சிருந்தா கத்து."

உள்ளே போனாள். சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்தாள். ஆலைக் காலத்து நீச்சல் உடை ஒன்று கிடந்தது, அது அவளைக் கவ்விப் பிடித்தது. அவள் வெளியே வந்ததும் கரையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் ஓட்னியின் முழங்காலை யாருமே பார்த்ததில்லை. அவள் நேராகத் தொட்டிக்குள் இறங்கி முன்டிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"யாரிது?" என்றான் முன்டி, நிஜமாகவே தெரியாமல்.

"நான்தான், ஓட்னி. இப்ப நானும் தண்ணியில இருக்கேன், எனக்கும் பேச உரிமை உண்டு. இன்னைக்கு நீ முதல்ல ஏறினா, ஊத்துத் தண்ணி எப்பவும் குளத்துக்குத்தான். நான் முதல்ல ஏறினா உன் இஷ்டம், யாருக்கு வேணும்னாலும் வித்துக்கோ. நான் அதைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்."

"நீயா? வாயே திறக்க மாட்டியா?" முன்டி நிமிர்ந்து உட்கார்ந்தான். "அதைப் பாக்கவாவது உக்காருவேன்."

உட்கார்ந்தார்கள். ஊரே கரையைச் சுற்றி நின்றது. யாரோ வெண்ணெய் தடவிய கருவாட்டைப் பொட்டலம் பிரித்துப் பங்கு போட்டார்கள். வல்டி கோட்டுக்குள் புகுந்ததும் ஆளே மாறிவிட்டான். சும்மா நடந்து போன பாதிரியாரைப் பார்த்து, "ஏய், முதுகு!" என்று விசில் ஊதினான். அவர் அப்போதுதான் தெருவிலிருந்து ஓவர்கோட்டோடு வந்திருந்தார்.

ஓட்னியின் காது சிவந்தது, மூக்கு சிவந்தது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. எதிரே முன்டி, வேகவைத்த ஆட்டுத்தலை மாதிரி அசையாமல் இருந்தான். இவன் இப்படியே விடியும்வரைகூட உட்காருவான், எனக்கு மயக்கம் வந்துவிடும், அவ்வளவுதான், குளம் போச்சு என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்போது ஹல்லா பள்ளிக்கூடத்திலிருந்து மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"பெட்டிய மூடப் போறேன்! ஊர்ல நீங்க ரெண்டு பேருந்தான் பாக்கி!"

தண்ணீரில் இருந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பெட்டிய இங்க எடுத்துட்டு வா" என்றான் முன்டி.

"அதெல்லாம் நகர்த்தக் கூடாது. எந்திரிச்சு வாங்க!"

"அவளை எந்திரிக்கச் சொல்லு."

"அவனைச் சொல்லு" என்றாள் ஓட்னி. இத்தனை நாளாக இந்த ஓட்டுக்காகத்தான் காத்திருந்தாள். 'ஆமாம்' என்று குத்த வேண்டும் என்று கை பரபரத்தது. ஆனால் ஏறினால் ஊற்று போய்விடும். முன்டி ஏறுவான், அவனுடைய 'வேண்டாம்' அவனை இழுத்துக்கொண்டு போகும் என்று அவன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கால் அசையவில்லை.

ஹல்லா தலையிலடித்துக்கொண்டு போனாள். கதவு மூடுகிற சத்தம் கேட்டது. ஓட்டு முடிந்தது.

பிறகு முன்டிக்குச் சிரிப்பு வந்தது. முதலில் வயிறு குலுங்கியது, அப்புறம் தொட்டித் தண்ணீரே குலுங்கியது.

"என்ன சிரிப்பு?"

"அநியாயமா ரெண்டு 'ஆமாம்' போச்சே, அதான்."

"ரெண்டா? என்னோடது ஒண்ணு. இன்னொண்ணு யாரோடது?"

"என்னோடதுதான்."

ஓட்னிக்குக் காதில் தண்ணீர் புகுந்துவிட்டதோ என்று இருந்தது. "தினமும் 'முடியாது முடியாது'ன்னு உக்காந்திருந்தியே?"

"தொட்டியில சொன்னேன். ஓட்டுல ஏன் சொல்றேன்? இந்த ஊர் மீனை ஒருத்தன் வித்துட்டுப் போனப்ப எனக்கு மட்டும் இனிச்சுதா? அது போக, தனியார் சொத்தா இல்லாத வளத்தைத்தான் அந்தச் சட்டம் பொதுன்னு சொல்லுது. என் ஊத்தை அது தொடவே தொடாது. அடுத்த வரியிலயே இருக்கு. ஹல்லாதான் அங்க வர்றதுக்குள்ள ஏறிடுவாளே."

கரையில் நின்ற வல்டியின் வாயிலிருந்த விசில் நழுவிக் கழுத்தில் தொங்கியது.

"அப்ப ஊத்து?" என்றாள் ஓட்னி. "அந்தக் கம்பெனிக்காரன்?"

"அவனா! ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டு, 'நல்லாத்தான் இருக்கு, ஆனா அழுகின முட்டை நாத்தம் அடிக்குது, அதை எடுத்துரலாம்'னான். என் தண்ணி நாறுதாமே! எங்க தாத்தாவும் அப்படித்தான் நாறினாரு, எங்கப்பாவும் அப்படித்தான் நாறினாரு. போடா நாயேன்னு அப்பவே வண்டியில ஏத்திட்டேன்."

"அப்பவேன்னா?"

"அவன் வந்த அன்னைக்கே."

ஓட்னி இரண்டு கையாலும் தண்ணீரை வாரி அவன் முகத்தில் அடித்தாள். "ரெண்டு வருஷம்டா! ரெண்டு வருஷமா நான் தூங்கலடா! குளம் போச்சு, பொழப்பு போச்சுன்னு படுக்கையில புரண்டுகிட்டுக் கிடந்தேன். ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன?"

"யாரும் கேக்கலையே. நீ தினமும் இங்கதானே நின்னே, நீயும் கேக்கல."

"கேட்டு, நீ 'வித்துட்டேன்'னு சொல்லியிருந்தா நான் என்னடா பண்ணியிருப்பேன்?" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். மூக்கு ஒழுகியது. எல்லாருக்கும் முன்னால் அழுகிறோமே என்று இன்னும் அழுகை வந்தது.

முன்டி முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவன் இப்படி மெதுவாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

"சொல்லியிருந்தா அன்னைக்கே பேச்சு முடிஞ்சிருக்கும் ஓட்னி. எல்லாரும் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருப்பாங்க. எனக்கு வீட்டுல ஆடுங்கதான் இருக்கு. காலையில இருந்து ராத்திரிவரை அதுங்ககிட்டத்தான் பேசுறேன். ஒண்ணாவது ஒரு தடவையாவது 'நீ சொல்றது தப்பு'ன்னு சொல்லுதா?"

ஓட்னி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கரையில் நின்ற நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

முன்டி இரண்டு கையையும் தொட்டி விளிம்பில் ஊன்றி எழுந்தான். தலை சுற்றியிருக்க வேண்டும், ஒரு நிமிஷம் தள்ளாடினான். கொட்டுகிற ஆலங்கட்டியில் உடம்பெல்லாம் ஆவி பறக்க நின்று, "எல்லாரும் பாத்துக்கோங்க, முதல்ல ஏறினது நான்தான்" என்று உரக்கச் சொன்னான். வல்டி விசிலை எடுத்து ஊதினான். எங்கள் சட்டம் அப்படித்தான் அமலுக்கு வந்தது.

நாட்டின் சட்டத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் வேண்டும் என்றுதான் சொன்னார்கள், எங்கள் ஊரில் வீணாய்ப்போன இரண்டு ஓட்டு இல்லாமலேயே. நாடாளுமன்றத்து ஆட்கள் அதைப் பார்த்தார்கள், பேசினார்கள், கமிட்டி போட்டார்கள், தேர்தல் வந்தது, அப்படியே கிடப்பில் போட்டுவிட்டார்கள். இன்றைக்கும் கிடக்கிறது. அவர்களையெல்லாம் இங்கே கொண்டுவந்து தொட்டியில் உட்கார வைத்திருந்தால் ஒரு சாயங்காலத்தில் முடிந்திருக்கும் என்று நான் சொன்னால் ஹல்லா கோபித்துக்கொள்கிறாள்.

மறுநாள் சாயங்காலம் முன்டி தொட்டிக்கு வந்தான். கொஞ்சம் தயங்கித்தான் வந்தான். இனி மறுப்பதற்கு என்ன இருக்கிறது? அவன் 'ஆமாம்'காரன் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. ஹல்லாவும் வல்டியும் சிரித்து இடம்விட்டார்கள். அவன் ஓரமாக உட்கார்ந்து, "இன்னைக்குக் காத்து கம்மி" என்றான், வேறு பேச்சு இல்லாமல். எல்லாரும் தலையாட்டினார்கள். அதற்குமேல் யாரும் பேசவில்லை. முன்டி எழுந்து போகிறவன் மாதிரி விளிம்பைப் பிடித்தான்.

கரையில் நின்றிருந்த ஓட்னி அதைப் பார்த்தாள். மறுபடி கோட்டைக் கழற்றி வல்டியைக் கூப்பிட்டு மாட்டிவிட்டாள். போய்க் குளித்துவிட்டு வந்து, முன்டிக்கு எதிரே தொப்பென்று இறங்கினாள்.

"காத்து கம்மின்னு எவன் சொன்னான்?" என்றாள். "ஒத்துக்க முடியாது."

முன்டி விளிம்பிலிருந்து கையை எடுத்தான்.